இடது கதவு ஸ்பீக்கர்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடைப்பட்டிப் பக்கம் ஆடுகூட மேயாத மேட்டு நிலத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். ஊரில் பாதிப் பேர் தண்ணீர் வராது என்றார்கள். மீதிப் பேர் வந்தாலும் உப்பாக இருக்கும் என்றார்கள். வந்தது, இனித்தது. அந்தத் தண்ணீரை வைத்துத் திராட்சைப் பந்தல் போட்டேன். எனக்கு முன்னால் அந்த மேட்டில் பந்தல் போட்டவன் கிடையாது. மார்க்கையன்கோட்டையில் மாடி வீடு கட்டினேன். மாவு மில் வைத்தேன். இரண்டு மகன்களையும் காலேஜ் வரை படிக்க வைத்தேன், மகளைக் கம்பத்தில் நல்ல இடத்தில் கொடுத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை.

இதையெல்லாம் சங்கத்து ஆண்டு மலருக்காக என் மூத்த மகன் அழகாக டைப் அடித்து வைத்திருக்கிறான். விவசாயிகள் சங்கத்தில் என் போட்டோவோடு போடப்போகிறார்கள். அதில் என் சம்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. "சிறுவயதில் காய்ச்சலால் ஒரு காது கேளாமல் போனபோதும் கணவருக்குத் தோள் கொடுத்தவர்." மகன் வாசித்துக் காட்டினான். மற்றதெல்லாம் சரி, அந்த வரி தப்பு. ஏன் தப்பு என்பதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

இது ஒரு கார் செட்டில் ஆரம்பிக்கிறது.

கம்பத்தில் கேசட் கடைகளெல்லாம் சி.டி. கடைகளாக மாறிக்கொண்டிருந்த சமயம், செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளை அம்பாசடர் வாங்கினேன். டீசல் வண்டி. எங்கள் தெருவில் முதல் கார். வண்டி வந்த மூன்றாம் நாள் என் சம்சாரம் முன் சீட்டில் உட்கார்ந்து, டாஷ்போர்டில் இருந்த சதுர ஓட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கன ரேடியோ இருந்துருக்கும் போலங்க."

"கழட்டிக்கிட்டுத்தான் வித்துருக்கான்."

"ஒரு பாட்டுப் பொட்டி வச்சா நல்லாருக்கும். மக வீட்டுக்குப் போக வர கேட்டுக்கிட்டே போகலாம்."

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். சேலை எடுக்கப் போனால்கூட நான் கை வைத்த சேலையைத்தான் கட்டுவாள். அதனால் கேட்டவுடன் எனக்கு வேகம் வந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே தேனிக்கு வண்டியை விட்டேன்.

கார் செட் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கடையில் சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள். எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தன, சிறிசு பெரிசு என்பது தவிர. செட் மாட்டிக்கொடுக்கும் கடைக்காரர் என்னைவிட இருபது வயது இளையவர், சட்டைப் பையில் டெஸ்டர் வைத்திருந்தார். அவர் என்னிடம் விலையைச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"யாரு கேக்கப்போறாகய்யா? வண்டில எங்கன உக்காருவாக?"

"இது என்னப்பா கேள்வி? ஊருக்கே கேக்கணும்."

"ஊரு காருக்குள்ள உக்காராதுங்களேய்யா."

நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் வெளியே போவதற்குத்தான். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முதலில் வருவது மைக் செட். தென்னை மரத்தில் குழாய் கட்டி நாலு திசைக்கும் திருப்பிவிடுவோம். என் மகள் சடங்குக்குக் கட்டிய குழாய், ஆற்றுக்கு அக்கரையில் களை எடுத்தவர்களுக்குக் கேட்டது என்று சொன்னார்கள். ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்ட விசேஷ வீட்டுக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது கேட்காது. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. அந்த நினைப்பில்தான் கார் செட் வாங்கினேன்.

கதவுக்கு ஒன்றாக இரண்டு நல்ல ஸ்பீக்கரும் ஒரு பிளேயரும் போதும் என்று அவர் எவ்வளவோ சொன்னார். நான் டிக்கியை அடைக்கிற மாதிரி ஒரு பெட்டியும், அதைத் தள்ளுவதற்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து மாட்டு என்றேன். மாட்டி முடித்ததும் என்னை உள்ளே உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டார்.

"கவனிங்கய்யா. நாதஸ்வரம் இந்த இடது கதவுல, தவில் அந்த வலது கதவுல. ரெண்டு காதுக்கும் பிரிச்சுப் பிரிச்சுத் தரும். அதுதான் ஸ்டீரியோ."

"சத்தம் இம்புட்டுத்தானா?" என்றேன். அவர் டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு பில் எழுதப் போனார்.

சின்னமனூர் வருவதற்குள் ஒரு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டுக்குள் ஒரு கொசு கத்தியது. வேகம் கூடினால் கொசுவும் கூடியது. வேறு ஆளாக இருந்தால் திரும்பத் தேனிக்குப் போயிருப்பான். நான் வீட்டு வாசலிலேயே சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் ஒயரையும் பிளேயரிலிருந்து போகும் பாட்டு ஒயரையும் ஒரே பக்கமாகக் கட்டி இழுத்திருந்தார்கள். குடிதண்ணீரையும் சாக்கடையையும் ஒரே வாய்க்காலில் விட்ட மாதிரி. கரண்டை வலது பக்கம் தரைவிரிப்புக்கு அடியிலும், பாட்டை இடது பக்கத்திலும் கொண்டுபோனேன். எர்த் ஒயரை முடுக்கிய இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் தகரம் தெரிய வைத்து மறுபடி முடுக்கினேன். கொசு செத்தது. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு தேனிக் கடைக்காரரே எல்லா வண்டிக்கும் அப்படித்தான் இழுக்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள்.

அந்த வேலைக்கு என் சம்சாரம்தான் கூடமாட நின்றாள். அவள் பின் கதவு வழியாகத் தலையை நுழைத்து ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், நான் முன்னாலிருந்து இழுத்தேன். பாதியில் விடச் சொன்னேன். அவள் விடவில்லை. இரண்டாம் தரமும் சொன்னேன்.

"விடுடின்னு சொல்றேன்ல, செவிட்டுக் கழுத. காது எங்க இருக்கு?"

"வண்டிக்குள்ள தல இருக்குல்லங்க, சரியாக் கேக்கல," என்று சிரித்துக்கொண்டே விட்டாள்.

செவிட்டுக் கழுதை என்பது எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் மாதிரி. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்குப் பயந்து குனிகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, செட்டை முழுச் சத்தத்தில் வைத்து ஊரைச் சுற்றினேன். ஓட்டு வீடுகளில் தூசி உதிர்ந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"மாமா, கார் வாங்குனீகளா, மைக் செட்டுக்கு டயர் மாட்டுனீகளா?" என்றான் ஒருவன்.

"ரெண்டுந்தான்டா. நீ உங்கய்யாகிட்டச் சொல்லி ஒரு டயராவது வாங்கு," என்றேன்.

எனக்குப் பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது. அவள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டிக்கிப் பெட்டியின் இடி அவளை உலுக்கியிருக்க வேண்டும். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லாருக்கு என்றாள். ஆற்றுப் பாலம் தாண்டிச் சத்தத்தைக் குறைத்த பிறகு மெல்லச் சொன்னாள்.

"நம்ம ரேடியோவுல இந்தப் பாட்டுக்கு மொதல்ல நாதஸ்வரம் வரும். இதுல அத எடுத்துட்டாக போல."

எனக்குப் பாட்டில் என்ன வருகிறது என்பதில் கவனம் கிடையாது. சத்தம் வருகிறதா என்பதில்தான் கவனம். அந்த சி.டி.யை, வாங்கிய சின்னமனூர்க் கடைக்கே கொண்டுபோய்ச் சண்டை போட்டேன். போட்டுக் காட்டுகிறேன் என்றவனைக் காட்டவிடாமல் வேறு சி.டி. வாங்கி வந்தேன். அதிலும் நாதஸ்வரம் வரவில்லை என்றாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். பாட்டுப் போட்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறாள் என்று நான் பேசாமல் ஓட்டுவேன்.

ஒரு மாதத்தில் டிக்கிப் பெட்டியைக் கழற்ற வேண்டியதாயிற்று. அது பேட்டரியைக் குடித்துவிட்டுக் காலையில் வண்டியைக் கிளம்பவிடாமல் அடித்தது. ஆம்ப்ளிஃபயரும் இரண்டு கதவு ஸ்பீக்கர்களும் மட்டும் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உத்தமபாளையம் தாண்டியதும் என் பக்கத்துக் கதவில் பாட்டு நின்றுபோனது. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீல் ஓரத்தில் ஒயர் அறுந்திருந்தது. அவள் பக்கத்துக் கதவில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில்.

"பாட்ட ஏன் நிப்பாட்டிட்டீக?" என்றாள்.

"பாடுதுல்ல."

"எங்க பாடுது?"

விளையாடுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். விளையாடவில்லை. புளியமரத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தேன்.

"ஆமா, இப்ப லேசாக் கேக்குது. எனக்கு இந்த வலது காதும் முன்ன மாதிரி இல்லங்க," என்றாள்.

வலது காதும் என்றாள். அந்த 'ம்' என்னைக் குத்தியது. நான் இறங்கி, வண்டியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்து ஜன்னலுக்கு வந்தேன். அவள் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்று அவள் பேரைச் சொன்னேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் அசையவில்லை. இன்னும் ஒரு தரம் சொன்னேன். பிறகுதான் என் நிழல் மடியில் விழுந்ததைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னங்க, பஞ்சரா?"

"இந்தக் காது எப்பருந்து கேக்கல?"

"அது கெடக்கு. வண்டிய எடுங்க. புள்ள சோறாக்கி வச்சுட்டுக் காத்துக்கெடப்பா."

"எப்பருந்துன்னு கேட்டேன்."

சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "மூத்தவன் வயித்துல இருக்கைலருந்து."

அது நாங்கள் முதல் பந்தல் போட்ட வருஷம்.

"கம்பி விட்ட அன்னைக்கா?"

"வெயில்ல கம்பி காந்திருச்சுங்க," என்றாள். "நான் விட்டுருக்கக் கூடாது."

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கல்தூண்களை நட்டு, மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்துப் போடுவதுதான் திராட்சைப் பந்தல். ஒரு முனையில் நான் முறுக்கினேன், மறுமுனையில் சுருளை அவள் பிடித்திருந்தாள். கூலியாட்கள் தூணைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். கம்பி நழுவியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தூண்கள் சாய்ந்தன, ஒன்று இரண்டாக உடைந்தது. நான் ஓடிப்போய், அத்தனை பேர் பார்க்க, விரித்த கையால் அவளை அறைந்தேன். என் வலது கை, அவள் இடது கன்னத்தோடு காது. அவள் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டாள். மறுபடி இழுத்தோம். அன்று சாயங்காலம் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு சோறாக்கினாள். தலைவலி என்றாள். நான் உடைந்த தூணைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று புளியமரத்தடியில் கேட்டேன்.

"சொல்லி என்ன செய்ய? நீங்க அன்னைக்கு அழுகுற நெலமையில இருந்தீக. பந்தல் நிக்கணுமேன்னு இருந்துச்சு எனக்கு."

"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"காது கேக்காதுன்னு தெரியும். சின்னதுல காய்ச்சல் வந்து போச்சுன்னு சொல்லிருக்கேன். நீங்க வேற எதும் சொல்லிப்புடாதீக."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் நான். தெருவில் நடந்தால் எப்போதும் எனக்கு இடப்பக்கமாகவே நடப்பாள், நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று. படுத்தாலும் அப்படித்தான். காரில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியதும் தோட்டம் பார்க்க இல்லை. நல்ல காதை வண்டிக்குள் திருப்பி வைத்திருக்கிறாள். இடது கதவுக்கு வந்த நாதஸ்வரம் முழுக்க அந்தக் கதவிலேயே செத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. கம்பம் போய்ச் சேரும்வரை ரோட்டையே பார்த்து ஓட்டினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பி இழுப்பது. மறுநாள் தேனிக்குப் போனேன்.

"வாங்கய்யா, இன்னும் பெரிய பொட்டியா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. ஒரு ஆளுக்குக் கேக்கணும். முன்னால, இடது சீட்டு. வலது காதுக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எல்லாரும் ஒண்ண ரெண்டாப் பிரிக்கத்தான் இங்கன வருவாக. நீங்க ரெண்ட ஒண்ணாக்கச் சொல்றீக."

"முடியுமா முடியாதா?"

"முடியும். ஆம்ப்ளிஃபயர்லயே ரெண்டு பக்கத்தையும் சேத்துறலாம். ஒரு ஸ்பீக்கர்ல எல்லாம் வரும். யாருக்குய்யா காது கேக்கல?"

"டீசல் வண்டி எரைச்சல்ப்பா," என்றேன். அப்போதும் வாய் வரவில்லை எனக்கு.

கதவு ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றினோம். புதிய ஸ்பீக்கருக்குப் பலா மரத்தில் நானே ஒரு சின்னப் பெட்டி செய்தேன். டாஷ்போர்டில் எங்கே வைப்பது என்று யாராலும் சொல்ல முடியாது, அவள் காதுதான் சொல்லும். அவளைக் கேட்டால் எங்கே வைத்தாலும் நல்லாருக்கு என்பாள். அதனால் ஒரு நாள் காலை முழுக்க, என் இடது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அவள் சீட்டில் உட்கார்ந்தேன். பெட்டியை ஒரு விரல் தள்ளுவேன், கேட்பேன், மறுபடி தள்ளுவேன். இடையில் மில்லில் வேலை பார்ப்பவர் ஏதோ கேட்க வந்து ஜன்னலில் நின்றிருக்கிறார். மூன்று தடவை கூப்பிட்டாராம். பிறகு தோளைத் தொட்டார். நான் பதறிப்போய் அவரைத் திட்டினேன். ஒரு பக்கத்து உலகமே சுவராகிவிடுகிறது. அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவள், தோளைத் தொட்டவர்களை ஒரு நாளும் திட்டியதில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். டாஷ்போர்டு நடுவில் பெட்டி, முகம் அவள் பக்கம் திரும்பி இருந்தது. சத்தம் கொஞ்சம்தான், ரோட்டில் நிற்பவனுக்குக் கேட்காது. டீக்கடையில் அந்தப் பயல் கையைக் காதில் வைத்து, "என்ன மாமா, செட்டு அவிஞ்சு போச்சா?" என்றான். நான் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன். ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அந்தப் பாட்டு ஆரம்பித்தது. அவள் கை நீண்டு டாஷ்போர்டைத் தொட்டது.

"வந்துருச்சு," என்றாள்.

"எது?"

"நாதஸ்வரம்."

அதன் பிறகு அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நேராக உட்கார்ந்து வந்தாள். எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படிப் பதினோரு மாதம் கேட்டாள். அவ்வளவுதான் கிடைத்தது. ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சின்ன மகன் தேனி ஆஸ்பத்திரிக்கு வண்டியை ஓட்டினான், பின் சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. வலது காது மேலே இருக்கும்படி படுக்கவைத்தேன். சாவியைத் திருப்பியதும் செட் தானாகப் பாட ஆரம்பித்திருந்தது, அவன் கவனிக்கவில்லை. வீரபாண்டி தாண்டும்போது குனிந்து, பாட்டை அணைக்கச் சொல்லவா என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க," என்றாள்.

அந்தக் காதில் அவள் பேரைச் சொல்லியிருக்கலாம். கேட்டிருக்கும். எனக்கு அது தோன்றுவதற்குள் தேனி வந்துவிட்டது. தேனி வருவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

இப்போது மலர் விஷயம். மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டைப் அடித்த தாளை மடித்து வைத்தான். பிறகு, "அப்பா, இது மலர்ல போடுற சமாச்சாரமா? அம்மாவே காய்ச்சல்னுதான சொல்லிச்சு. அது சொன்னபடியே இருக்கட்டும்," என்றான். அவனுடைய அம்மா சொன்னதுதான். என்னைக் காப்பாற்றச் சொன்னது. அவள் இருக்கும்வரை நானும் அதற்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். கிணறு நான் வெட்டியது என்று போடுகிறீர்கள், பந்தல் நான் போட்டது என்று போடுகிறீர்கள். சரி. அந்தப் பந்தலில் கம்பியின் மறுமுனையைப் பிடித்தவள் அவள், அதைப் போடுங்கள். அவளுடைய இடது காதைக் கெடுத்தது காய்ச்சல் இல்லை. நான். அதையும் என் பேரில் போடுங்கள், என் போட்டோவுக்குக் கீழேயே போடுங்கள். கார் செட்டை அவள் ஒரு காதுக்கு ஏற்ற மாதிரி மாற்றியதும் நான்தான், தேனிக் கடைக்காரர் இல்லை. அதற்கும் இடம் இருந்தால் கடைசியில் ஒரு வரி போடுங்கள். இடம் இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள். காதை விடாதீர்கள். நான் செய்த எதையும் இதுவரை வேறு பேருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. இதையும் காய்ச்சலுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.